டிவி விவாதத்தை ஓடவிட்டு லைவில் விமர்சிக்கலாமா? வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

கரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், சேனல் பெயர் எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பகலில் ஜெராக்ஸ் கடை, இரவு 9 மணிக்கு யூடியூப் லைவ். ஏதாவது ஒரு செய்தி சேனலின் விவாதத்தைத் திரையில் ஓடவிட்டு, மூலையில் தன் முகத்தை வைத்துக்கொண்டு, பேசுகிறவர்கள் சொல்லும் கணக்கும் தேதியும் சரியா என்று அங்கேயே சரிபார்த்துச் சொல்வார். மூன்று வருடத்தில் 41,000 பேர் சேர்ந்திருக்கிறார்கள், சூப்பர் சாட்டில், அதாவது லைவில் பார்வையாளர்கள் அனுப்பும் பணத்தில், மாதம் சில ஆயிரம் வருகிறது. இந்த இரண்டு மாதத்தில் வரிசையாக மூன்று அடி. முதலில் ஒரு லைவுக்கு, வருமானம் இனி உரிமையாளருக்குப் போகும் என்று யூடியூப்பிலிருந்து மெயில். அடுத்து, வாக்கு எண்ணிக்கை நாளன்று ஆறு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த லைவ் நடுவிலேயே நிறுத்தப்பட்டு ஸ்ட்ரைக். மூன்றாவதாக, ஒரு நெறியாளர் பட்ஜெட் தொகையைத் தவறாக வாசித்ததைச் சுட்டிக்காட்டிய 11 நிமிட வீடியோவுக்கு ஸ்ட்ரைக். அதில் நான்கு துண்டுகள், மொத்தம் 70 வினாடிதான் சேனலின் காட்சி. இதற்குப் பிறகு அந்த சேனலின் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: 15 நாளில் 3 லட்சம் ரூபாய், இல்லாவிட்டால் கிரிமினல் வழக்கு. “கீழே டிஸ்க்ளைமர் போட்டிருக்கேன், சேனலுக்கு நன்றின்னும் போட்டிருக்கேன், இது ஃபேர் யூஸ்தானே மேடம்? மூணு ஸ்ட்ரைக் ஆயிடுச்சு, எல்லா வீடியோவையும் அழிச்சிடவா? போலீஸ் வருவாங்களான்னு வீட்ல பயப்படுறாங்க” என்று கேட்கிறார்.

முதலில் எதையும் அழிக்காதீர்கள். வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக் போகாது, உங்கள் பக்கத்து ஆதாரம்தான் போகும். மூல ஃபைல், வந்த மெயில்கள், லைவ் சாட் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இன்றைக்கே சேமித்துவிடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. உங்களுக்கு வந்திருப்பது மூன்று ஸ்ட்ரைக் அல்ல, இரண்டு. முதல் மெயில் கன்டென்ட் ஐடி கிளெய்ம். அது இயந்திரம் தானாகக் காட்சியையோ இசையையோ அடையாளம் கண்டு உரிமையாளரிடம் சொல்வது. அதனால் வருமானம் கைமாறலாம், வீடியோ சில இடங்களில் மறைக்கப்படலாம், ஆனால் சேனலின் கணக்கில் கரும்புள்ளி விழாது. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் சட்டப்படி எழுத்தில் கேட்டு நீக்கவைப்பது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே மூடப்படும். யூடியூப் தரும் காப்புரிமைப் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் கடத்தினால் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும். ஆக, உங்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு படி. இந்த 90 நாளில் எந்த செய்தி சேனலின் காட்சியையும் லைவில் காட்டாதீர்கள் என்று நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

அந்த டிஸ்க்ளைமர் பற்றி

உங்கள் வீடியோவின் கீழே இருப்பதைக் கடிதத்தில் அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள்: 1976-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், பிரிவு 107. தமிழில் பாதி சேனல்களின் கீழே இதே பத்திதான் கிடக்கிறது, ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒட்டியது. அது அமெரிக்கச் சட்டம். நம் சட்டம் 1957-இல் வந்தது. அமெரிக்காவின் ஃபேர் யூஸ், அதாவது அனுமதியில்லாமலே நியாயமாகப் பயன்படுத்தலாம் என்ற விதி, கொஞ்சம் திறந்த கதவு. எந்தப் பயன்பாடாக இருந்தாலும் நான்கு அளவுகோல்களை வைத்து நீதிமன்றம் எடைபோடும். நம்முடையது ஃபேர் டீலிங்; சட்டம் எந்தெந்த நோக்கத்துக்கு என்று பட்டியல் போட்டிருக்கிறது, அதற்குள் வந்தால்தான் நியாயமா இல்லையா என்ற அடுத்த கேள்வியே எழும். யூடியூப்பின் ஸ்ட்ரைக் நடைமுறை அமெரிக்கச் சட்டத்தை ஒட்டி நடப்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியவர் வழக்குப் போட்டால் அது இங்கே உள்ள நீதிமன்றத்தில் நடக்கும், அங்கே பிரிவு 107 என்று ஆரம்பித்தால் எடுபடாது.

அதேபோல “நன்றி: இன்ன சேனல்” என்று போடுவது நல்ல பழக்கம், ஆனால் அது அனுமதிக்கு ஈடாகாது. பத்து வினாடி வரை போடலாம் என்பதும் எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லை. இத்தனை வினாடி என்று ஒரு எண்ணை நம் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை, அது ஒரு வகையில் உங்களுக்கு நல்லதும்கூட.

சட்டம் என்னதான் சொல்கிறது

நடந்த செய்தி யாருக்கும் சொந்தமில்லை. ஒரு அமைச்சர் இன்ன தேதியில் இப்படிச் சொன்னார், இந்தத் தொகுதியில் இவர் இத்தனை ஓட்டில் முன்னிலை என்பதெல்லாம் தகவல், அதை நீங்கள் உங்கள் வாயால் சொல்ல யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கிரிக்கெட் ஸ்கோர்களை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிய நிறுவனங்கள் மீது ஸ்டார் இந்தியா போட்ட வழக்கில், 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஆனால் அந்த அமைச்சரைப் படம்பிடித்த காட்சி, விவாதத்தின் பதிவு, அது ஒளிபரப்பானது ஆகியவற்றில் சேனலுக்கு உரிமை உண்டு. பிரிவு 37 ஒளிபரப்பாளருக்கென்று தனியாக 25 வருட உரிமை கொடுத்திருக்கிறது: மறு ஒளிபரப்பு செய்யக்கூடாது, அனுமதியில்லாமல் பதிவு செய்யக்கூடாது.

இதற்கு விலக்கு பிரிவு 39-இல் இருக்கிறது. நடப்புச் செய்தியைச் சொல்வதற்கும், உண்மையான விமர்சனத்துக்கும், கற்பிப்பதற்கும், ஆய்வுக்கும் ஒளிபரப்பின் பகுதிகளை நியாயமான அளவில் பயன்படுத்தலாம். பிரிவு 52-லும் விமர்சனத்துக்கும் நடப்பு நிகழ்வுகளைச் சொல்வதற்கும் இதே மாதிரி இடம் உண்டு. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது “பகுதிகள்” என்ற சொல்லை. சட்டம் ஒரு துண்டை எடுக்க விடுகிறது, ஓடுகிற ஒளிபரப்பை அப்படியே திருப்பிவிட விடுவதில்லை.

எது நியாயம் என்று நீதிமன்றம் பார்க்கும் விதம் இதுதான். கேரளாவில் ஒரு புகழ்பெற்ற நாடகத்தை விமர்சித்து சிவிக் சந்திரன் எதிர்நாடகம் எழுதினார், அதில் மூல நாடகத்தின் பகுதிகள் நிறையவே வந்தன. 1996-இல் கேரள உயர் நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்த்தது: எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூலத்துக்குப் போட்டியாக வந்து நிற்குமா. எதிர்நாடகத்தின் நோக்கம் விமர்சனம், மூல நாடகத்துக்குப் பதிலாக இதைப் பார்ப்பது அல்ல என்பதால் அது தப்பித்தது. இங்கிலாந்தில் 1970களின் தொடக்கத்தில் நீதிபதி டென்னிங் பிரபு சொன்ன ஒரு வரியை நம் நீதிமன்றங்களும் எடுத்துக்கொண்டிருக்கின்றன: நீளமாக எடுத்துச் சிறிதாகக் கருத்துச் சொன்னால் அது நியாயமில்லாமல் போகலாம், சிறிதாக எடுத்து நீளமாகப் பேசினால் நியாயமாக இருக்கலாம். இதை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டால் உங்களுக்கு வேறு சூத்திரமே தேவைப்படாது.

இரண்டு ஸ்ட்ரைக்கும் ஒன்றல்ல

வாக்கு எண்ணிக்கை நாள் லைவை எடுத்துக்கொள்வோம். ஆறு மணி நேரம், முழுத்திரையில் சேனல், மூலையில் நீங்கள். சாப்பிடப் போன இருபது நிமிடமும் அது ஓடிக்கொண்டிருந்தது, விளம்பரங்கள் உட்பட, என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோட்டீசோடு அவர்கள் இணைத்திருக்கும் ஸ்க்ரீன்ஷாட்டில் உங்கள் பார்வையாளர் ஒருவர் எழுதியது தெரிகிறது: “அண்ணா எங்க ஏரியால கேபிள் போச்சு, உங்க லைவ்லதான் ரிசல்ட் பாக்குறேன்”. அன்பாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் அந்த ஒரு வரி உங்கள் வாதத்தின் அடிக்கல்லையே உருவிவிடுகிறது. ஒருவர் டிவிக்குப் பதிலாக உங்கள் லைவைப் பார்த்தார் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? நீங்கள் நடுநடுவே நல்ல கருத்துகள் சொல்லியிருக்கலாம், உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் இது துண்டு அல்ல, மறு ஒளிபரப்பு. இந்த ஸ்ட்ரைக்கை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள். 90 நாள் ஓடட்டும்.

லைவில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. செய்தி சேனலில் வருவதெல்லாம் அந்த சேனலுக்கே சொந்தமில்லை. நடுவில் ஒரு சினிமாப் பாட்டு பின்னணியில் போகும், ஐபிஎல் காட்சி வரும், ஏதோ ஒரு செய்தி நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கிய காட்சி வரும். சேனலிடமே நீங்கள் அனுமதி வாங்கியிருந்தாலும் இவர்கள் தனித்தனியாக வருவார்கள். பதிவு செய்த வீடியோ என்றால் எடிட்டிங்கில் பார்த்து வெட்டிவிடலாம், லைவில் அடுத்த நொடி என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் முதல் கிளெய்ம்கூட சேனலிடமிருந்து வரவில்லை, ஒரு இசை நிறுவனத்திடமிருந்து வந்தது என்பதைக் கவனித்தீர்களா? மெயிலின் கீழ்ப்பகுதியில் பெயர் இருக்கிறது, மறுபடி பாருங்கள்.

இப்போது அந்த 11 நிமிட வீடியோ. இதை நான் இரண்டு முறை பார்த்தேன். நெறியாளர் தொகையை வாசிக்கும் துண்டு வருகிறது, நிறுத்துகிறீர்கள், பட்ஜெட் ஆவணத்தின் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டி கோடிக்கும் லட்சம் கோடிக்கும் நடந்த குழப்பத்தை விளக்குகிறீர்கள், அதை வைத்து விருந்தினர்கள் அரை மணி நேரம் சண்டை போட்டதை இன்னொரு துண்டில் காட்டிவிட்டு மறுபடி உங்கள் விளக்கம். 660 வினாடியில் 70 வினாடிதான் அவர்களுடையது. அந்த 70 வினாடி இல்லாமல் அவர் அப்படித்தான் வாசித்தார் என்று யாரும் நம்ப மாட்டார்கள், அதாவது விமர்சனத்துக்கு அந்தத் துண்டு தேவைப்பட்டது. விவாதத்தைப் பார்க்க நினைக்கும் ஒருவர் அதற்குப் பதிலாக இதைப் பார்த்துவிட்டுப் போக மாட்டார். விமர்சனம் சேனலுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அதனால் பார்வையாளர் குறையக்கூட செய்யலாம், அது காப்புரிமைச் சட்டம் ஈடுகட்டும் நஷ்டம் இல்லை. என் கருத்தில் இது பிரிவு 39 யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களின் வேலை. இதற்கு நீங்கள் நிற்க வேண்டும்.

உங்களைப் போலவே ஊடகத்தை விமர்சிக்கும் நியூஸ்லாண்ட்ரி மீது, செய்தி சேனல்கள் நடத்தும் டிவி டுடே நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கில், 2022 ஜூலையில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது. ஆனால் அது இடைக்கால உத்தரவுதான். அதைக் காட்டி “நாங்கள் ஜெயித்தாயிற்று” என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் வாதாட இடம் இருக்கும் விஷயம் இது என்பதற்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கவுன்டர் நோட்டிபிகேஷன் போடலாமா

கவுன்டர் நோட்டிபிகேஷன் என்பது ஸ்ட்ரைக் தவறு என்று யூடியூப்புக்கு முறைப்படி எழுதும் மறுப்பு. 11 நிமிட வீடியோவுக்குப் போடலாம், ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்து போடுங்கள். அது கோபத்தில் அழுத்தும் பட்டன் அல்ல. உங்கள் முழுப்பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். பொய்யாகச் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியோடு எழுதுகிறீர்கள். அதற்குப் பிறகு, அவர்கள் வழக்குப் போட்டதற்கான ஆதாரத்தை 10 வேலை நாளுக்குள் யூடியூப்பிடம் காட்டினால் வீடியோ வராது, காட்டாவிட்டால் வீடியோ திரும்பும், ஸ்ட்ரைக் நீங்கும். அதாவது நீங்கள் சொல்வது, “முடிந்தால் நீதிமன்றத்துக்கு வாருங்கள்” என்பது. காப்புரிமை வழக்கை உரிமையாளர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே போட பிரிவு 62 இடம் கொடுக்கிறது, எனவே கரூர் கடையைப் பூட்டிவிட்டு சென்னைக்கு அலைய வேண்டி வரலாம். அந்த அலைச்சலையும் செலவையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். பணமும் நேரமும் இல்லை என்று வேண்டாமென முடிவு செய்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, 90 நாளில் இதுவும் போய்விடும். போடுவதானால் நோட்டீசுக்குப் பதில் அனுப்பிய பிறகு போடுங்கள், இரண்டும் ஒரே நிலைப்பாட்டைச் சொல்லவேண்டும்.

3 லட்சமும் போலீஸும்

வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்ற உத்தரவு அல்ல, ஒரு தரப்பின் கோரிக்கை. 3 லட்சம் என்பது அவர்கள் எழுதிய எண், யாரும் தீர்மானித்த நஷ்டஈடு இல்லை. ஆனாலும் பதில் சொல்லாமல் விடாதீர்கள். லைவில் வந்து அந்த நோட்டீசை வாசித்துத் திட்டவும் வேண்டாம், அவர்கள் வக்கீலுடன் வாட்ஸ்அப்பில் பேரம் பேசவும் வேண்டாம். “சரி சார் தெரியாம பண்ணிட்டேன்” என்று நீங்கள் அனுப்பும் ஒரு மெசேஜ் நாளைக்கு ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கும்.

பதிலில் இரண்டு வீடியோவையும் பிரித்துப் பேச வேண்டும். லைவ் விஷயத்தில், அது நீக்கப்பட்டுவிட்டது, இனி அப்படி ஒளிபரப்புவதில்லை என்று எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளாமல் சொல்லலாம். 11 நிமிட வீடியோ விஷயத்தில், எந்த வினாடியிலிருந்து எந்த வினாடிவரை உரிமை கோருகிறீர்கள், அந்தக் காட்சி உங்களுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம், அது ஏன் விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாடு இல்லை என்று கேட்டு, தொகையை மறுக்கலாம். ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக நாமே வழக்குப் போட பிரிவு 60 வழி கொடுக்கிறது. ஆனால் அவர்கள் உடனே உண்மையான வழக்கைத் தொடுத்துவிட்டால் அது நிற்காது, அதனால் அதைப் பெரிய ஆயுதமாக நினைக்க வேண்டாம். சமரசம் என்று வந்தால், லைவுக்காக ஒரு சிறு தொகையில் முடிப்பது கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்ட்ரைக்கைத் திரும்பப் பெறுவது, இனி இதே விஷயத்துக்கு வழக்கில்லை என்பது இரண்டும் எழுத்தில் வராமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

போலீஸ் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் தூக்கம் போயிருக்கும். பிரிவு 63-இன்படி தெரிந்தே காப்புரிமையை மீறுவது குற்றம்தான், ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருக்கிறது. அது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத வகைக் குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் “சிவில் விவகாரம்தானே” என்று அலட்சியமாக இருக்க முடியாது. ஆனால் மூன்று வருடத் தண்டனை உள்ள குற்றத்துக்குப் போலீஸ் வந்த உடனே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் நிலையும் இல்லை. ஏழு வருடம் வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது தேவையில்லாதபோது முதலில் விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இல் அது பிரிவு 35. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் தவறாமல் போங்கள், போகும் முன் வக்கீலைப் பாருங்கள், தேவைப்பட்டால் முன்ஜாமீன் கேட்கலாம். “நான் இதில் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை” என்ற உங்கள் வாதம் தண்டனையைக் குறைக்கத்தான் உதவும். அதுவும் சூப்பர் சாட் வரவு இருக்கும்போது பலவீனமாகவே இருக்கும்.

நிகழ்ச்சியை நிறுத்த வேண்டாம், மாற்றுங்கள்

உங்கள் மனைவி சேனலை மூடச் சொல்வது புரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொன்ன கணக்கைச் சரிபார்க்கும் ஆட்கள் தமிழில் ரொம்பக் குறைவு, நீங்கள் அதைச் செய்கிறீர்கள். 9 மணி விவாதத்தை நீங்கள் மட்டும் பாருங்கள், குறிப்பு எடுங்கள், 10 மணிக்கு லைவ் வாருங்கள். திரை முழுக்க நீங்களும் உங்கள் ஆவணமும் இருக்கட்டும். யார் என்ன சொன்னார் என்பதை வாயால் சொல்லுங்கள். அந்த 90 நாள் முடிந்த பிறகு, ஒரு ஆளின் சொல்லே சர்ச்சை என்றால் மட்டும், அந்த ஒரு வாக்கியத்தை வெட்டிவைத்து ஓட்டி, நிறுத்தி, பேசுங்கள். முன்கூட்டி வெட்டிய துண்டில் பாட்டு, விளையாட்டுக் காட்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். எண்ணிக்கை நாளில் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எண்களை எடுத்து நீங்களே அட்டவணை போடுங்கள், சேனலின் கிராஃபிக்ஸ் எதற்கு? தூர்தர்ஷன் அரசாங்கத்துடையதுதானே, போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் உரிமை உண்டு, அங்கேயும் இதே கணக்குதான். கட்சிகளின் சொந்த சேனலில் வரும் பத்திரிகையாளர் சந்திப்பு என்றால் ஒரு மெயில் போட்டு அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் அவர்களுக்கு அது பரவுவதுதான் வேண்டும், கொடுத்துவிடுவார்கள்.

15 நாளில் 9 நாள் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் காப்புரிமை தெரிந்த வக்கீல் யாரும் இல்லை என்றால் கரூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார். போகும்போது நோட்டீஸ் வந்த கவரையும் சேர்த்து எடுத்துப்போங்கள், தேதி அதில்தான் இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரைக் மெயிலின் பிரிண்ட், 11 நிமிட வீடியோவை ஒரு பென்டிரைவில், அந்த நான்கு துண்டும் எந்த வினாடியில் தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு தாளில். பிரிண்ட் எடுக்க நீங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை, நாளைக் காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.